கழற்றி மாட்டும் கார்டும் அதன் டிரைவரும்

சில ஆண்டுகளுக்கு முன் நம் மண்டியில் பில் போடும் லேப்டாப்பில் பழைய விண்டோஸை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டோம். மறுநாள் காலை வியாபாரம் தொடங்கியதும் தராசில் முதல் மூட்டை ஏறியது. தராசு எடையைச் சரியாகக் காட்டியது. பில்லில் எடை விழவில்லை. லேப்டாப்பின் பக்கவாட்டில் சொருகியிருந்த சிறு கார்டு வழியாகத்தான் தராசின் ஒயர் கம்ப்யூட்டருக்குப் போகிறது. பார்க்க வந்த மெக்கானிக், "கார்டு நன்றாகத்தான் இருக்கிறது அண்ணாச்சி, டிரைவர்தான் இல்லை" என்றார். மூட்டை இறக்கிக்கொண்டிருந்த பையன், "டிரைவர் வாசலில் டீ குடிக்கிறாரே, கூப்பிடட்டுமா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தோம். அன்று முழுவதும் எடையைக் கையால் எழுதிப் பில் போட்டோம். இரவு சிட்டையைச் சரிபார்த்தபோது இரண்டு மூட்டை கணக்கில் விட்டுப்போயிருந்தது. சிரிப்பு போய்விட்டது.

அந்த டிரைவர் யார், அதை எழுதுபவர் யார், நன்றாக இருக்கும் கார்டுக்கு அது திடீரென்று ஏன் இல்லாமல் போகிறது என்பதை அதன் பிறகு விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டோம். பல கடைகளில் இன்னமும் பழைய லேப்டாப்பும் பழைய கார்டும் ஓடிக்கொண்டிருப்பதால், நம் உறுப்பினர்களுக்கும் பயன்படும் என்று எண்ணி இங்கே எழுதுகிறோம்.

கார்டு வந்த கதை

மேஜைக் கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு வசதி வேண்டுமானால் பெட்டியைத் திறந்து உள்ளே ஒரு அட்டையைப் பொருத்தலாம். லேப்டாப்பில் அதற்கு இடமில்லை. ஆகவே வெளியிலிருந்து சொருகி, வேண்டாதபோது உருவிக்கொள்ளும்படியான கார்டுக்கு ஒரு பொது அளவு வகுக்க 1989-ல் அமெரிக்காவில் கம்பெனிகள் கூடி ஒரு சங்கம் அமைத்தன. அதன் சுருக்கப் பெயர் பி.சி.எம்.சி.ஐ.ஏ. முதல் விதிமுறை 1990-ல் வந்தது. அது மெமரி கார்டுகளுக்கு மட்டுமானது. 1991-ல் வந்த இரண்டாவது விதிமுறைக்குப் பிறகு மோடம், நெட்வொர்க், சீரியல் போர்ட் எல்லாம் கார்டாக வந்தன.

கார்டின் நீளம் 85.6 மில்லிமீட்டர், அகலம் 54 மில்லிமீட்டர். கனம் மட்டும் மூன்று வகை: 3.3, 5, 10.5 மில்லிமீட்டர். இணைப்பு முனைகள் 68. பின்னர் இதற்குப் பி.சி. கார்டு என்ற எளிய பெயர் வந்தது. 1995-ல் கார்ட்பஸ் என்ற வேகமான 32 பிட் வகையும், 2003-ல் எக்ஸ்பிரஸ்கார்டு என்ற வகையும் வந்தன. அதன் பிறகு யு.எஸ்.பி. எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது. புதிய லேப்டாப்களில் இந்தத் துளையை இப்போது பார்க்க முடிவதில்லை. ஆனால் இந்தக் கார்டுகளுக்கு டிரைவர் எழுதியவர்கள் பட்ட பாடு, இன்று பென் டிரைவையும் மெமரி கார்டையும் சொருகி உருவும் நமக்கும் பாடமாகவே இருக்கிறது.

டிரைவர் என்பது யார்?

கம்ப்யூட்டரின் எல்லா வேலைகளையும் மேற்பார்வை செய்யும் அடிப்படை சாப்ட்வேருக்கு ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்று பெயர். விண்டோஸ் அப்படிப்பட்டது, லினக்ஸ் அப்படிப்பட்டது. ஆயிரக்கணக்கான கம்பெனிகள் செய்யும் கருவிகள் ஒவ்வொன்றின் உள் அமைப்பும் அதற்குத் தெரிந்திருக்க முடியாது. வெளியூர்ச் சந்தையில் சரக்கு எடுக்கும்போது அங்குள்ள தரகர் இரு பக்கப் பேச்சும் தெரிந்து நடுவில் நிற்கிறார் அல்லவா? அப்படி நடுவில் நிற்கும் சிறு சாப்ட்வேர்தான் டிரைவர். "ஒரு வரி அனுப்பு" என்று ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொன்னால், "எந்த முகவரியில் எந்த எண்ணை எழுதினால் இந்தக் கார்டு அதை அனுப்பும்" என்பது டிரைவருக்குத் தெரியும்.

தரகர் தவறு செய்தால் நஷ்டம் ஒரு சரக்கோடு போகும். டிரைவர் அப்படியல்ல. அது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் கருவறையான கெர்னலுக்குள் இருந்து வேலை செய்வது. அது தடுமாறினால் பில் போடும் சாப்ட்வேர் மட்டுமல்ல, கம்ப்யூட்டர் முழுவதுமே நின்றுவிடும்.

கார்டு உள்ளே வரும்போது

கார்டின் 68 முனைகளும் ஒரே நேரத்தில் தொடுவதில்லை. துளைக்குள் இருக்கும் ஊசிகளில் மின்சாரத்துக்கானவை நீளமானவை. அவை முதலில் தொடும். "கார்டு வந்திருக்கிறது" என்று சொல்லும் இரண்டு ஊசிகள் எல்லாவற்றிலும் குட்டையானவை. அவை கடைசியில் தொடும். அவையும் இரு ஓரங்களுக்கு அருகே ஒவ்வொன்றாக இருப்பதால், கார்டு கோணலாக நுழைந்தால் இரண்டும் சேர்ந்து தொடாது. முழுவதும் உள்ளே போனால்தான் வருகை பதிவாகும்.

வருகை தெரிந்ததும் சாப்ட்வேர் உடனே பாய்ந்துவிடக் கூடாது. கை நடுக்கத்தில் முனைகள் விட்டுவிட்டுத் தொடும். ஆகவே சிறிது பொறுத்து, கார்டு கேட்பது 5 வோல்ட்டா 3.3 வோல்ட்டா என்று பார்த்து, அதன் பிறகே மின்சாரம் தர வேண்டும். பிறகு கார்டிலேயே பதிந்திருக்கும் ஒரு விவரச் சீட்டைப் படிக்க வேண்டும். லாரியில் வரும் சரக்கோடு பில்டி வருவது போல, யார் செய்தது, என்ன வகை, எத்தனை முகவரி வேண்டும், எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதெல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும். அதைப் பார்த்துத்தான் பொருத்தமான டிரைவர் அழைக்கப்படுகிறது.

பில்டியில் தவறு இருப்பது நமக்குத் தெரியாததா? இந்தச் சீட்டிலும் பிழையோடு வந்த கார்டுகள் உண்டு. அவற்றுக்காக லினக்ஸில், கார்டின் சீட்டைத் தள்ளிவிட்டு அதற்குப் பதிலாகப் படிக்க வேண்டிய திருத்திய சீட்டுகளையே தனிக் கோப்புகளாக வைத்திருந்தார்கள்.

இட நெருக்கடி

சீட்டைப் படித்தபின் கார்டுக்கு இடம் ஒதுக்க வேண்டும். அந்நாள் கம்ப்யூட்டரில், "என்னைக் கவனி" என்று ஒரு கருவி கூப்பிடுவதற்கு 0 முதல் 15 வரை பதினாறே வழிகள் இருந்தன. கடிகாரத்துக்கு 0, கீபோர்டுக்கு 1, முதல் சீரியல் போர்ட்டுக்கு 4, பிரிண்டருக்கு வழக்கமாக 7, ஹார்ட் டிஸ்க்குக்கு 14 என்று பெரும்பாலானவை ஏற்கெனவே பேசி முடிந்தவை. மிச்சத்தில் வந்த கார்டுக்கு ஒன்றைத் தேட வேண்டும். காலியாக இருக்கிறதென்று நினைத்து வேறொரு கருவியின் முகவரியைத் தொட்டுப் பார்த்தாலே சில கம்ப்யூட்டர்கள் அப்படியே உறைந்துவிடும். அதற்காக, எந்த முகவரிகளைத் தொடலாம், எவற்றைத் தொடக் கூடாது என்று தனிப் பட்டியல் எழுதி வைக்க வேண்டியிருந்தது.

பெயர் ஒன்று, சரக்கு வேறு

இன்னொரு தொல்லை நமக்கு நன்றாகப் புரியும். அட்டைப்பெட்டியும் மாடல் பெயரும் அப்படியே இருக்க, உள்ளே இருக்கும் சிப்பை மட்டும் மாற்றி விற்பது. வாங்குபவருக்கு இரண்டும் ஒன்று; டிரைவர் எழுதுபவருக்கு இரண்டும் வெவ்வேறு சரக்கு. இதற்கு நேர்மாறும் உண்டு: பல கம்பெனிப் பெயர்களில் வந்த நெட்வொர்க் கார்டுகள், என்.இ.2000 என்ற ஒரே பழைய கார்டின் அமைப்பைப் பின்பற்றியவை. லினக்ஸில் ஒரே டிரைவர் அவற்றில் பலவற்றை ஓட்டியது. ஆனால் கார்டின் தனி அடையாள எண் எந்த இடத்தில் பதிந்திருக்கிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறியது. ஆகவே கார்டு வாரியாக ஒரு அட்டவணையே அந்த டிரைவருக்குள் எழுதப்பட்டது. புதிய கார்டு சந்தைக்கு வந்தால் அட்டவணையில் ஒரு வரி கூட வேண்டும். இதுதான் பராமரிப்பு என்பது.

கார்டு வெளியே போகும்போது

இதுவரை சொன்னது வருகை. உண்மையான சோதனை வெளியேறும்போதுதான். பெட்டிக்குள் திருகி வைத்த அட்டைக்கு டிரைவர் எழுதுபவர், "கருவி எப்போதும் இருக்கும்" என்று நம்பி எழுதலாம். கழற்றி மாட்டும் கார்டுக்கு எழுதுபவர் எந்த வரியிலும் அப்படி நம்ப முடியாது. எந்த நொடியிலும் யாராவது உருவிவிடலாம்.

உருவும்போது குட்டை ஊசிகள் முதலில் விடுபடும். "கார்டு போகிறது" என்ற எச்சரிக்கை அப்போது கிடைக்கிறது. ஆனால் அந்த அவகாசம் மிகச் சிறியது. அதற்குள் டிரைவர் கார்டை நோக்கி, "உன்னிடம் ஏதாவது வேலை பாக்கி இருக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டிருக்கலாம். கார்டு இல்லாத இடத்தில் படித்தால் பெரும்பாலும் பதில் வராமல் போவதில்லை. எட்டு பிட்டும் ஒன்றாக, அதாவது 255 என்று வரும். அதன் பொருளை டிரைவர், "எல்லா வகை வேலையும் பாக்கி இருக்கிறது" என்று எடுத்துக்கொள்ளும். ஒன்றைச் செய்துவிட்டு மறுபடி கேட்கும், மறுபடியும் 255. இப்படி இல்லாத வேலையை முடிவில்லாமல் செய்துகொண்டே இருக்கும். கம்ப்யூட்டர் உறைந்து நிற்கும். எனவே தேர்ந்தவர்கள் எழுதிய டிரைவர், 255 வந்தால் முதலில் "கார்டு இருக்கிறதா?" என்று சந்தேகப்படும், எத்தனை முறை சுற்றலாம் என்பதற்கும் ஒரு வரம்பு வைத்திருக்கும்.

அடுத்தது பொறுப்பு ஒப்படைப்பு. கடையில் வேலையாள் ஒருவர் விலகினால், அவரிடமுள்ள சாவியை வாங்க வேண்டும், அவர் பெயரில் உள்ள பாக்கியை முடிக்க வேண்டும், அதன் பிறகுதான் ஏட்டிலிருந்து பெயரை எடுக்க வேண்டும். கார்டு போனதும் அதற்காக ஒதுக்கிய மெமரியை டிரைவர் திருப்பித் தர வேண்டும். ஆனால் பில் சாப்ட்வேர் அந்தக் கார்டை இன்னமும் திறந்து வைத்திருக்கும். அது மூடுவதற்குள் மெமரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், வேறொருவருக்குப் போய்விட்ட இடத்தில் பழையவர் எழுதுவார். ஆகவே எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை வைத்து, கடைசி ஆள் விட்ட பிறகே மெமரியை விடுவிக்க வேண்டும்.

சொல்லும்போது எளிது. 2022-ல், மூன்று ஸ்மார்ட் கார்டு ரீடர்களின் லினக்ஸ் டிரைவர்களில் இதே தவறு இருப்பது வெளிப்பட்டது. ஒரு புரோகிராம் கார்டைத் திறக்கும் அதே கணத்தில் கார்டை உருவினால், விடுவித்த மெமரியையே டிரைவர் மறுபடி தொட்டது. பல ஆண்டுகளாக இருந்த பிழை. சொருகுவதை எல்லோரும் சோதித்துப் பார்க்கிறார்கள். சரியாக அந்தக் கணத்தில் உருவிப் பார்ப்பவர் யார்?

லேப்டாப் தூங்கி விழிப்பது இன்னொரு சங்கடம். தூங்கும் நேரத்தில் ஒரு கார்டை எடுத்துவிட்டு வேறொன்றைச் சொருகிவிட்டால்? விழித்ததும் பழைய சீட்டையும் இப்போதுள்ள சீட்டையும் ஒப்பிட்டு, மாறியிருந்தால் பழையதை வழியனுப்பிப் புதியதை முறைப்படி வரவேற்க வேண்டும். லினக்ஸ் இப்படித்தான் செய்கிறது.

யார் பராமரிப்பது?

லினக்ஸில் இந்தக் கார்டுகள் ஓடுவதற்கு 1990-களில் பெரிதும் உழைத்தவர் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த டேவிட் ஹிண்ட்ஸ். கார்டுகளுக்கான சாப்ட்வேர் தொகுப்பைக் கெர்னலுக்கு வெளியே தனியாக எழுதி வெளியிட்டார். கார்டைச் சொருகினால், அடையாளம் தெரிந்ததும் ஒரு கூர்மையான 'பீப்', தயாரானதும் இன்னொரு 'பீப்' கேட்கும். ஏதாவது தவறினால் தாழ்ந்த குரலில் கேட்கும். திரையைப் பார்க்காமலே நிலைமை தெரிந்துவிடும்.

தனியாக இருந்ததில் ஒரு சிரமம் இருந்தது. கெர்னலின் உள் ஏற்பாடுகள் அடிக்கடி மாறும். ஒவ்வொரு முறையும் வெளியிலுள்ள டிரைவரையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும். 2001 ஜனவரியில் வந்த 2.4 கெர்னலிலேயே கார்டு ஆதரவு சேர்ந்தது. 2005-ல் வந்த 2.6.13 முதல் பழைய மேலாளர் புரோகிராமுக்கு வேலை இல்லாமல் போனது. டொமினிக் பிரோடாவ்ஸ்கியின் புதிய ஏற்பாட்டில், தான் எந்தக் கார்டுக்கு உரியது என்பதை டிரைவரே சொல்லும்படி ஆயிற்று.

பிறகு வந்தது வேறு கஷ்டம். கார்டுகள் மேஜைகளிலிருந்து மறைந்தன. டிரைவரைத் திருத்துபவரிடம் சோதித்துப் பார்க்கக் கார்டே இல்லை. சோதிக்காமல் திருத்துவது, எடை போடாமல் பில் போடுவது போல. நாம் மேலே சொன்ன மூன்று ரீடர்களின் டிரைவர்களும், அவற்றோடு இருந்த அதே வகை டிரைவர்களும், கவனிப்பார் இல்லை என்று 2023-ல் லினக்ஸிலிருந்து நீக்கப்பட்டன. 2024-ல் வெளியான பதிப்புகளில் பழைய வயர்லெஸ் கார்டு டிரைவர்கள் பலவும் போயின. பிழையோடு வைத்திருப்பதைவிட எடுத்துவிடுவது நேர்மை என்பது அவர்கள் முடிவு.

விண்டோஸில் வேறு விதம். அங்கே டிரைவரைப் பெரும்பாலும் கார்டு செய்த கம்பெனியே எழுதித் தரும். 32 பிட் விண்டோஸுக்கு எழுதிய டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஏறாது. நம் தராசுக் கார்டுக்கு நேர்ந்தது இதுதான். கம்பெனி 64 பிட்டுக்கு எழுதித் தரவில்லை என்றால், பழுதில்லாத கார்டும் அன்றோடு பழைய இரும்பு. 2021-ல் வந்த விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. பழைய கார்டை நம்பியிருக்கும் உறுப்பினர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

1. ஓடிக்கொண்டிருக்கும்போது எதையும் உருவக் கூடாது. முதலில் புரோகிராமை மூடி, "பாதுகாப்பாக அகற்று" என்ற கட்டளையைக் கொடுத்து, சரி என்று வந்த பிறகே எடுக்க வேண்டும். பென் டிரைவ், மெமரி கார்டு எல்லாவற்றுக்கும் இதே விதி. எழுதியதாகத் திரையில் காட்டுவது சில சமயம் கம்ப்யூட்டரின் மெமரியிலேயே காத்திருக்கும்; கார்டில் இன்னும் ஏறியிருக்காது. கல்லாவில் போட்டதாகச் சொன்ன பணம் இன்னும் கையிலேயே இருப்பது போல.

2. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை மாற்றுமுன், கடையில் உள்ள பிரிண்டர், தராசு, கார்டு, ஸ்கேனர் ஒவ்வொன்றுக்கும் புதியதில் டிரைவர் உண்டா என்று எழுதிக் கேட்டு வாங்குங்கள். வேறொரு டிஸ்க்கில் போட்டுப் பார்த்து, எல்லாம் ஓடிய பிறகே பழையதை அழியுங்கள். மாற்றும் நாள் வியாபாரம் குறைந்த நாளாக இருக்கட்டும்.

3. கருவியோடு வந்த சி.டி.யைத் தூக்கிப் போடாதீர்கள். அதிலுள்ள டிரைவரை இரண்டு இடங்களில் நகல் எடுத்து, கருவியின் மாடல் எண்ணையும் பதிப்பு எண்ணையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

4. வாங்கும்போது பெட்டியின் மேல் உள்ள பெயரோடு நிற்காமல், உள்ளே எந்த சிப், எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டங்களுக்கு டிரைவர் உண்டு, இனியும் தருவார்களா என்று கேளுங்கள். பொது விதிமுறைப்படி செய்த கீபோர்டு, பென் டிரைவ் போன்றவற்றுக்கு ஆப்பரேட்டிங் சிஸ்டத்திலேயே டிரைவர் இருக்கும். அப்படிப்பட்டதாகக் கிடைத்தால் விலை சற்றுக் கூடினாலும் அதுவே லாபம்.

5. கணக்கின் ஒரே பிரதி எந்தக் கார்டிலும் இருக்கக் கூடாது.

சரக்கை வாங்கும்போது விலையைப் பேசுகிறோம், எடையைப் பார்க்கிறோம், திருப்பி எடுப்பார்களா என்றும் கேட்கிறோம். கம்ப்யூட்டர் கருவி வாங்கும்போது மட்டும் கடைசிக் கேள்வியை மறந்துவிடுகிறோம். கார்டு உழைக்கும் காலம் வேறு, அதன் டிரைவரை ஒருவர் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருக்கும் காலம் வேறு. இரண்டில் எது குறைவோ அதுவே நம் கருவியின் ஆயுள். நம் தராசு இப்போது வேறு இணைப்பில் பேசுகிறது. அதை வாங்குமுன் நாம் கடைக்காரரிடம் கேட்ட முதல் கேள்வி, "இதற்கு டிரைவர் யார் தருவார், எத்தனை வருஷம் தருவார்?" என்பதுதான். உறுப்பினர்களும் இனி அப்படியே கேட்க வேண்டும் என்பது நமது வேண்டுகோள்.